எட்டாவது கொட்டகை

வாலாஜாபாத் ரயில் நிலையத்தைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டினாற்போல எட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய குவார்ட்டர்ஸ். வீட்டுக்கு ஒரே ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை குட்டிகளும் படுக்க வேண்டுமாம்! கட்டியவன் ஒரு நாளாவது அதில் குடித்தனம் நடத்தியிருந்தால் தெரிந்திருக்கும். ஆளாளுக்குப் பின்பக்கம் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். ரயில்வே நிலம், அனுமதி கிடையாது. ஆனால் எந்த அதிகாரியும் பின்பக்கம் வந்து பார்த்ததில்லை.

கேங்மேன் முனிரத்தினத்துக்குக் கை சும்மா இருக்காது. வேலை முடிந்து வந்தால் அட்டையும் பிளேடுமாக உட்கார்ந்துவிடுவான். 1991இல் செங்கல்பட்டில் ரயில்வே கண்காட்சி என்றதும், தங்கள் குவார்ட்டர்ஸையே சின்னதாகச் செய்தான். சுவருக்குச் செங்கல் பொடி, கதவுக்குத் தீக்குச்சி. ஆபீசில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்துச் செய்திருந்தால் வம்பில்லை. இந்த மனுஷன் கண்ணால் கண்டதையெல்லாம் செய்து வைத்தான். எட்டுக் கொட்டகைகளும் அதில் ஏறிவிட்டன.

"இன்னாய்யா, நம்ம வூடு அப்டியே கீது!" என்று மனைவி செங்கமலம் பூரித்துப்போனாள். முதல் பரிசும் கிடைத்தது.

மறு வாரம் ஜீப் வந்தது. இறங்கிய ரயில்வே இன்ஸ்பெக்டர் கையில் முனிரத்தினம் செய்த அதே மாடல். கொட்டகைகளைப் பிரிக்க உத்தரவாம். பிரிக்க வேண்டியதும் கேங் ஆட்களேதானாம். மாடலைப் பார்த்துப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். சொந்த அடுப்படியை முனிரத்தினமே பிரித்தான்.

"ஏழுதான் ஆச்சு. இதுல எட்டு இருக்கே? கடைசி வீட்டுப் பின்னால வெறும் கொடிதானே தெரியுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எட்டாவது, கடைசி வீட்டு ஞானம்மாவுடையது. புருஷன் இறந்தபின் அவளும் கேங்கில் வேலை பார்த்தாள். பூசணிக்கொடி மூடிக் கிடந்ததால் அது வெளியாள் கண்ணுக்குத் தெரியாது. அவள் மகள் பச்சைக் குழந்தையோடு அதற்குள்தான் படுத்திருந்தாள்.

"நீதானே செஞ்ச? எங்கன்னு காட்டு. மறைச்சா இன்னிக்கே சஸ்பெண்டு."

பாவி, இதை ஏன் செய்தோம் என்று முனிரத்தினம் நொந்துகொண்டான்.

"இந்தாண்ட கீது, வா சார்," என்றாள் ஞானம்மா. "அவர இன்னாத்துக்கு மெரட்ற?"

மகளையும் குழந்தையையும் செங்கமலத்திடம் ஒப்படைத்தாள். முனிரத்தினம் அசையாமல் நின்றான்.

"நீ தள்ளிக்கோ, ரத்தினம்," என்று அவன் கையிலிருந்த கடப்பாறையை வாங்கி, முதல் மூங்கிலை அவளே நெம்பினாள்.