சோடா அக்காவின் காலி பாட்டில்கள்

மூடி அடித்த பாட்டிலைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் சோடா அக்கா. காற்று கசிந்தால் சன்னமாக ஒரு சத்தம் வருமாம். "போன்ல யாருக்கா?" என்று மெஷின்காரர் கேலி செய்தால், "உன்னத்தான் கேக்குறாங்க, வேலை செய்யிறானான்னு" என்பார், முகம் மாறாமல்.

புருஷன் போன பிறகு கொழுந்தனோடு சேர்ந்து நடத்தும் சின்னக் கம்பெனி. இஞ்சி சோடா ஒன்றுதான் சரக்கு. கண்ணை மூடிக் கும்பிடாமல் காலையில் சுவிட்சைப் போட மாட்டார்.

ஊரிலிருந்த மற்ற சோடாக் கம்பெனிகளைப் பெரிய குளிர்பானக் கம்பெனி ஒவ்வொன்றாக வாங்கியது. வாங்கிய கையோடு மூடியது. அக்காவிடமும் வந்தார்கள். விற்க மாட்டேன் என்றதும் வேறு வழியில் கழுத்தைப் பிடித்தார்கள். கடைகளில் கிடந்த அவருடைய காலி பாட்டில்களையெல்லாம் தங்கள் லாரியில் அள்ளிக்கொண்டு, பதிலுக்குக் கடைக்காரர்களுக்குத் தங்கள் கலர் பானப் பெட்டிகளை இனாமாகக் கொடுத்தார்கள். பெயர் பதித்த கண்ணாடி பாட்டில். திரும்பி வந்தால்தான் மறுபடி நிரப்ப முடியும். மெஷின் நின்றது.

"வித்துடலாம் அண்ணி, எத்தன நாளைக்கு முட்டிக்கிறது?" என்றார் கொழுந்தன்.

"தினமும் கும்பிட்டுத் திறக்கிறோம். மூடுறதுக்கா கும்பிட்டோம்?" என்று சொல்லிவிட்டு அக்கா வழக்கம்போல் சரக்கு வண்டியில் ஏறினார்.

வெறும் வண்டி. கடைக்குக் கடை இறங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, பிள்ளைகளின் படிப்பை, மாமியாரின் முட்டிவலியை விசாரித்தார். பாட்டிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து இஞ்சி சோடா கேட்டார்கள். இல்லை என்பதைக் கடைக்காரர் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏறக் கேட்பவர்களும் கூடினார்கள். ஒரு கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போயேன்க்கா" என்றார்.

"எதுக்குப்பா திட்டணும்? தண்ணி குடு."

மறுநாளே அந்தக் கடைக்காரர் லாரிக்காரர்களை மறித்து, முதலில் அக்காவின் பாட்டிலைக் கொடு, பிறகு உன் கலரை இறக்கு என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கடையும் அதையே சொன்னது. அப்புறம் தெருவே சொன்னது.

கடவுள் கண்ணைத் திறந்தார். பெரிய கம்பெனியின் லாரியே பாட்டில்களைச் சுமந்துகொண்டு அக்காவின் வாசலில் வந்து நின்றது. கொழுந்தன் வேட்டியை மடித்துக் கட்டி, பெட்டிக்கு மேல் பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். மெஷின் மறுபடி இரைந்தது. கூட வந்த அதிகாரி, விலையை இன்னும் ஏற்றித் தருவதாக மெல்ல ஆரம்பித்தார்.

"முதல்ல குடிங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று, அப்போதுதான் நிரப்பிய ஒரு சோடாவைத் திறந்து கொடுத்தார் அக்கா. அதிகாரி ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பாட்டிலை எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அக்கா கையை நீட்டினார்.