இரண்டு கிலோவுக்கு ஏழு டாக்டர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, செண்பகனூரில் எங்கள் பின் வீட்டு செல்வராணியின் குழந்தையைப் பார்க்கப் போனேன். ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்த பெண் குழந்தை. மதுரையில் இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, இரண்டு கிலோவைத் தொட்டதும் வீட்டுக்கு வந்திருக்கிறது.

குழந்தையைச் சுற்றி ஒருவரும் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதன் ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு சிறுநீரகத்திலும் கால்சியம் படிந்திருக்கிறதாம். அவ்வளவுதான்... வீட்டுக்குள் ஏழு டாக்டர்கள் முளைத்துவிட்டார்கள். டாக்ஸி ஓட்டும் சித்தப்பா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, கல்லேதான் என்று தீர்ப்புச் சொன்னார். மாசமாக இருந்தபோது செல்வராணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகம் தடவியதுதான் காரணம் என்றார் பூண்டு வியாபாரி பெரியப்பா. ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு தயாராக இருந்தது. யாருக்கு? அந்த இரண்டு கிலோவுக்கு!

இவர்கள் மூளையை எந்த ஸ்கேனில் வைத்துப் பார்ப்பது?

செல்வராணி மார்பில் பால் கட்டிப்போய், வலியோடு மூலையில் இருந்தாள். "நேத்து காலைல வெள்ளனே இருந்து பால் குடுக்கலக்கா. பால்ல கால்சியம் இருக்காம். சீனித் தண்ணிதான் குடுக்கச் சொல்றாங்க" என்றாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலுக்கு ஓடி, சிக்னல் தேடி, ரிப்போர்ட்டில் இருந்த நம்பரில் மதுரை டாக்டரைப் பிடித்தேன். நுரையீரலுக்காகக் கொடுத்த மருந்தால் சிறுநீரில் கால்சியம் அதிகமாகிப் படிந்திருக்கிறது, மருந்தை நிறுத்தியாகிவிட்டது, பெரும்பாலும் தானே கரைந்துவிடும், மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் — பொறுமையாகத்தான் சொன்னார். பால் விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறியது.

"தாய்ப்பால நிறுத்தச் சொன்ன அறிவாளி யாருங்க? பெரியவங்க கல்லுக்கே பால நிறுத்த வேண்டியதில்ல. மொதல்ல பால் குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கே இங்க கொண்டாந்து காட்டுங்க."

உள்ளே வந்து சாற்றைக் கொல்லையில் கொட்டினேன். குழந்தையை எடுத்துச் செல்வராணி மடியில் வைத்தேன். அது வாய் வைத்ததும் அவள் அழுதுவிட்டாள். ஏழு பேரையும் பார்த்து, யார் அந்த அறிவாளி என்று நானும் கேட்டேன்.

செல்வராணியின் நாத்தனார் பீரோவிலிருந்து ஒரு பத்திரிகைப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். "நாங்களா ஒண்ணும் செய்யலக்கா. இதப் பாத்துத்தான்..."

எனக்குக் கல் வந்த கதை. பாலை நிறுத்தினேன், வாழைத்தண்டு குடித்தேன், பறந்தது கல் என்று, வாராவாரம் நான் எழுதும் இதே பத்தியில் ஜோராக அளந்திருக்கிறேன். மேலே என் போட்டோ சிரிக்கிறது.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். கட்டன் டீ.

"பால் ஊத்தலக்கா. ஒங்களுக்குத்தான் ஆகாதுல்ல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — பாலை நான் ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.