பெயர் எழுத வேண்டாம்

'பெயர் எழுத வேண்டாம்' என்று அந்தப் படிவத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தோம். சொன்னபடி யாரும் பெயர் எழுதவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, கம்பெனி ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த டோக்கன் எண்ணை எழுதிவிட்டார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கார் கதவுகளுக்கு ரப்பர் பட்டை செய்து, சென்னைப் பக்கத்துக் கார் கம்பெனிக்கு அனுப்பும் கடலூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை எனக்கு. தொழிலாளர்களுக்கு உற்சாகம் குறைந்துவிட்டது, காரணம் கேட்டுச் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உடனே இருபது கேள்விகளோடு படிவம் தயாரானது. டோக்கன் எண்ணை எழுதியது அவர்கள் குற்றமில்லை. லீவுச் சீட்டோ, ஷூ கேட்கும் சீட்டோ, எண் இல்லாமல் வந்தால் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியவன் நான்தான். பழகிய கை தானாக எழுதியிருக்கும்.

பட்டை செய்யும் லைன் ஒன்றின் லீடர் குமராட்சிக்காரர். மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் கடலூர் வருவார். ஆறு வருஷமாக கான்ட்ராக்ட் ஆட்களுக்கான நீலச் சட்டைதான். அந்த மாதம் பர்மனென்ட் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சாம்பல் நிறச் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டார். படிவம் கொடுத்த மறுநாள் பஸ்ஸில் என் காதோரம் குனிந்து கேட்டார்.

"யாரு எழுதுனதுன்னு தெரியாதுல்ல சார்?"

"தெரியாதுண்ணே. மனசுல இருக்கறத எழுதுங்க."

எழுதினார். மற்றவர்கள் 'நன்று' என்று டிக் போட்டுவிட்டுப் போன இடத்தில், அவர் மட்டும் பக்கம் நிறைய எழுதியிருந்தார். லைனில் மாற்றி நிற்க ஆள் இல்லை, ஒண்ணுக்குப் போகப் பயந்து பொம்பளைங்க தண்ணியே குடிக்கறதில்லை, மேனேஜரிடம் மூணு தடவை சொல்லியாச்சு, இதில் உற்சாகம் எங்கிருந்து வரும் என்று. தலையில் அழகாக டோக்கன் எண்.

மத்தியானம் அதைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே கத்தரிக்கோல் இருந்தது. படிவக் கட்டு முழுவதையும் மேலே இரண்டு விரற்கடை வெட்டிவிட்டால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. ஏன் வெட்டினாய் என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது? கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கட்டு மேனேஜர் அறைக்குப் போயிருந்தது. டீ குடிக்கப் போன நேரத்தில் எடுத்துவிட்டார் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் போனேன்.

பட்டியல் மறுபடி தட்டச்சாகி வந்தபோது அவர் பெயர் இல்லை. அடுத்த மாதம் கான்ட்ராக்டும் இல்லை. நீலச் சட்டைகளைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"தெரியாதுன்னீங்களே சார்," என்றார். கோபமாகக்கூட இல்லை. வழி தவறியவர் வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் ரிஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அதன் பிறகு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் குமராட்சி மினி பஸ் நிற்கும் பக்கம் நான் போவதில்லை.

நாலு வருஷம் ஓடிவிட்டது. இப்போது வேறு தொழிற்சாலை. கார் சீட்டு தைக்கிறார்கள். இங்கேயும் வருஷத்துக்கு ஒருமுறை உற்சாகத்தைக் கேட்டுப் படிவம் வருகிறது. கொடுப்பவன் நான்தான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னா சார் எழுதணும்?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் நன்றுன்னு டிக் போட்டுக் குடும்மா," என்றேன்.