நேரில் பார்வையிடக் கோரிய மனு

அரசு அலுவலகத்துக்கு எதிர்க் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இருமி இருமி அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து மனு அடித்துக் கொடுக்கிறவளுக்குப் பெற்றவர்கள் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊருக்கு அவள் தாழ்மையக்கா. எந்த மனுவானாலும் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடிப்பாள். வீட்டில் அந்தத் தாழ்மையைக் கண்ணால் கண்டதில்லை என்று அவள் புருஷனே பஸ் ஸ்டாப்பில் சொன்னதாகக் கேள்வி. குடும்ப விஷயம், நமக்கெதற்கு.

எட்டாவதில் அவளுக்கு முதல் மார்க். "வயசுக்கு வந்தாச்சு, படிச்சது போதும்" என்று அதோடு அப்பா நிறுத்திவிட்டார். அதனாலோ என்னவோ, வெள்ளைத் தாளைப் பார்த்தால் அவளுக்குக் கை ஓடாது. பழைய மனு ஒன்றைத் திறப்பாள், பெயரை மாற்றுவாள், விஷயத்தை மாற்றுவாள், பிரிண்ட் கொடுப்பாள். ரேஷன் கார்டு மனுவின் வயிற்றில் பென்ஷன் மனு பிறக்கும்.

ஒரு மத்தியானம் நர்ஸ் வந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை.

"என்னம்மா, டிரான்ஸ்ஃபரா?"

"இல்லக்கா. என் தங்கச்சி."

தங்கை வெளிநாட்டில் டீச்சர். அங்கே புதிதாக வந்த அரசாங்கம், பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போகக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. தங்கை தன் சமையலறையில் பாடம் நடத்தினாள். யாராவது வந்தால் சமையல் வகுப்பு என்று சொல்ல அடுப்பில் எப்போதும் ஒரு பாத்திரம் இருக்கும். ஒருநாள் சோதனைக்கு வந்தவர்கள் மூடியைத் திறந்து பார்த்தார்கள். வெறும் தண்ணீர். தங்கையையும் அங்கிருந்தவர்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பத்தோரு நாளாயிற்று. உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

"மூணு மனு குடுத்துட்டேங்க்கா. எங்க நர்ஸ் சங்கத்துல பெரிய பெரிய வார்த்தையா எழுதிக் குடுத்தாங்க, 'வன்மையாகக் கண்டிக்கிறோம்'னு. பரிசீலனையில இருக்குங்கறாங்க."

பக்கத்து மேஜை வக்கீல் குமாஸ்தாவுக்கு அடுத்தவர் பேச்சில் தலையிடாவிட்டால் சோறு இறங்காது. "நம்ம தெரு சாக்கடையைப் பாக்கவே ஆள் வர மாட்டேங்கறான். கடல் தாண்டிப் போய் ஜெயிலைப் பாப்பானாக்கும்!"

"உங்க வாய அடைக்கத்தான் முதல்ல ஒரு மனு போடணும்," என்றாள் தாழ்மையக்கா.

அடிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் சொல்லிக்கொண்டே அழுதாள், இவளுக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது. டூட்டிக்கு நேரமாயிற்று என்று நர்ஸ் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, எதிரே போய்க் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை குமாஸ்தா அந்த மனுவின் நகலை எடுத்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அடேங்கப்பா! கேளுங்க. 'துறை அலுவலர் நேரில் சென்று பார்வையிட்டு, ஒரு வீடு மட்டும் என்றில்லாமல் அந்த வரிசையில் பாதிக்கப்பட்ட அனைவரையும் கணக்கெடுத்து, முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தருமாறு...' இது அஞ்சாவது தெரு சாக்கடை மனு இல்ல?"

முதல் நாள் காலையில் அடித்த சாக்கடை மனுவேதான். மேல்பாதியை மாற்றியவள் கீழ்ப்பாதியை அப்படியே விட்டிருந்தாள். மூடி மறைக்கலாம். குமாஸ்தாவுக்குத் தெரிந்தபின் மூடுவதற்கு என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள்.

நர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் தங்கச்சி உசுரு உங்களுக்குச் சாக்கடையாக்கா?" என்று கேட்டுவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

அதன்பின் தாழ்மையக்கா எந்த மனுவையும் மூன்று முறை படித்தாள். வருகிறவர்கள் அலுத்துக்கொண்டார்கள். நர்ஸ் வருகிறாளா என்று அவள் கண் மட்டும் அடிக்கடி பஸ் ஸ்டாப் பக்கம் போய் வந்தது.

இருபத்தாறாவது நாள் நர்ஸ் வந்தாள். ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். தாழ்மையக்காவுக்குப் பிரிக்கக் கை வரவில்லை.

"இருக்காக்கா. உசுரோட இருக்கா."

"சாமி!"

"இடது கையில கட்டு. விடலை இன்னும். ஆனா போய்ப் பாத்திருக்காங்க."

"எப்படிம்மா? அந்த மனுவுக்கா?"

"எதிர் ஆபீஸ்ல மனு வாங்கின ஆபீசர் அம்மா போன் பண்ணாங்க. கண்டிக்கச் சொன்னா ஃபைலை மேல அனுப்பணுமாம், மேல போனது கிணத்துல போட்ட கல்லுதானாம். இதுல போய்ப் பாரு, எண்ணு, பதில் எழுதுன்னு இருந்துச்சாம். அதுக்கு அவங்களே அங்க இருக்கற நம்ம தூதரகத்துக்கு எழுதலாமாம். எழுதிட்டாங்க."

கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. ஒரு வீடு மட்டும் என்றில்லாமல் எண்ணச் சொல்லியிருந்ததால், தூதரகத்திலிருந்து ஜெயிலுக்குப் போனவர் அந்த வரிசைக் கொட்டடிகளில் இருந்த எல்லாரையும் எண்ணியிருந்தார். பதினாறு பேர். நம் நாட்டுக்காரி ஒருத்திதான். மற்ற பதினைந்து பேரும் அந்த ஊர்ப் பெண்கள், வீட்டாருக்கே இருக்கும் இடம் தெரியாதவர்கள்.

"இன்னொரு மனு அடிக்கணுங்க்கா. பதினாறு பேரையும் விடச் சொல்லி நம்ம அரசாங்கம் அந்த ஊர் அரசாங்கத்துக்கிட்டக் கேக்கணும். விடுற வரைக்கும் மாசாமாசம் போய்ப் பாக்கணும். அந்தக் கீழ்ப்பாதிய மட்டும் எடுத்துடாதீங்க."

"எடுப்பேனா?"

குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைக் கையில் எடுத்தார். "நான் படிக்கிறேன், நீங்க அடிங்க."

"நக்கல் பண்ணாமப் படிப்பீங்களா?"

அவர் பெயரும் வயதுமாக நிதானமாகப் படித்தார். வாயில் நுழையாத பெயர்களை இரண்டு தடவை சொன்னார். ஒன்பதாவது பெயரில் நின்றுவிட்டார்.

"என்ன?"

"வயசு பதிமூணுன்னு போட்டிருக்கு. டீச்சர்கிட்டப் படிச்ச பொண்ணு போல."

தாழ்மையக்காவின் விரல்கள் கீபோர்டுமேல் அப்படியே இருந்தன. பிரிண்டர் ஒருமுறை இருமி அடங்கியது.

"எட்டாவது படிக்கிற வயசு," என்றாள். பிறகு, "பேரை இன்னொரு தரம் சொல்லுங்க. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது," என்றாள்.