பழவாசம் போகும்வரை

சேர்வராயன் மலையடிவாரத்தில், பழைய ஆல்கஹாலைச் சுத்தம் செய்து விற்கும் சின்ன ஆலையில் எனக்கு வேலை. வெள்ளக்கடையிலிருந்து தினமும் பைக்கில் இறங்குவேன். பின்னால் என் மனைவியின் தம்பி உட்கார்ந்திருப்பான். எஸ்டேட் வேலையிலிருந்து அவனை இழுத்துவந்து அங்கே சேர்த்ததும் நான்தான்.

மருந்துக் கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த ஆல்கஹால் பேரல்களில் வரும். அதில் எஸ்டர் என்ற ரசாயனம் கலந்திருக்கும். கனிந்து அழுகப்போகும் வாழைப்பழத்தின் வாசம். வெறுமனே காய்ச்சி வடித்தால் இரண்டும் சேர்ந்தே ஆவியாகி வந்து தொலைக்கும். அதனால் பெரிய கலனில் காஸ்டிக் சோடாக் கரைசலோடு ஊற்றி, நீராவிச் சூட்டில் சில மணி நேரம் கொதிக்க விடுவோம். எஸ்டர் உடைந்து, ஒரு பங்கு ஆல்கஹாலாகவும் மறு பங்கு அடியில் தங்கும் உப்பாகவும் மாறிவிடும். பிறகு வடித்தால் சுத்தமான சரக்கு.

எஸ்டர் முழுக்க உடைந்ததா என்று பார்க்க லேபுக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்பது சுவரில் ஒட்டிய விதி. நடப்பு வேறு. நீராவியை அடைத்து, அரைமணி ஆறவிட்டு, கலனின் மேல்மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்போம். பழவாசம் இல்லையென்றால் வேலை முடிந்தது. பழத்தோட்டத்துக்குள் வளர்ந்த மலைக்காரன் மூக்கு தப்பாது என்று சூப்பர்வைசர் சொல்வார். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு.

போன வருஷம் வந்த காய்ச்சலோடு என் மூக்கு செத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்று பயம். ஏதாவது சாக்குச் சொல்லி மச்சினனைக் கலன்மேல் ஏற்றி முகரவைத்து, அவன் சொன்னதையே நான் கண்டுபிடித்ததுபோல சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவேன்.

அன்று காலை, சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நீராவியை அடைத்திருந்தேன். ஆறவிடப் பொறுமை இல்லை.

"மாப்ளே, நீ போய்ப் பாரு. எனக்கு மூக்கடைப்பு."

"நொம்பச் சூடா இருக்குதுங்க மாமா."

"ஒண்ணும் ஆகாது, தொற."

மூடியை நகர்த்திக் குனிந்தான். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கரைசல் ஒரே எகிறாக எகிறி அவன் முகத்தில் அடித்தது. இழுத்துப்போய்க் குழாய்த் தண்ணீருக்கு அடியில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. இடது கண் தப்பியது. வலது கண் போய்விட்டது.

விசாரணைக்கு ஆலையிலிருந்து ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். திறக்கச் சொன்னது யார் என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் நான் கட்டிலருகே நின்றிருந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"யாரும் சொல்லலீங்க. நாந்தான் அவசரப்பட்டுத் தொறந்துட்டேனுங்க. அக்கா ஊட்டுக்காரர் வேண்டாம்னுதான் சொன்னாருங்க."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.