கரும்பு ரயில் போன இடத்தில் ஒரு ஷெட்

முதல் நாள் சைட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: சர்வே எடுக்கப் போன நான், அளவுக்கான பிரிசக் கண்ணாடியைப் பிடித்து நிற்கும் உதவியாள் (செயின்மேன்) ஏழுமலை அண்ணன், நிலத்துக்காரர் ஆரோக்கியராஜ். வருவதாகச் சொன்ன காண்ட்ராக்டர் வரவில்லை.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்த நிலம். அட்டைப்பெட்டி செய்யும் ஷெட் ஒன்று போடுவதற்காக, கருவடிக்குப்பத்தில் இருக்கும் சொந்த வீட்டை பேங்கில் அடமானம் வைத்து நிலத்தை வாங்கியிருந்தார் ஆரோக்கியராஜ். மழைக்கு முன் ஷெட் எழும்பினால் பேட்டையில் ஒரு கம்பெனி ஆர்டர் தரும். எழும்பாவிட்டால் வீடு போய்விடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ முடித்து சர்வே ஆபீசில் சேர்ந்திருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நின்று தாண்டுகிறவர்கள்

நிலத்தின் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, எட்டடி அகலத்தில் ஒரு வெற்றுப் பட்டை ஓடியது. இரண்டு பக்கமும் கருவேலம் மண்டிக் கிடந்தது. பட்டையில் மட்டும் புல்லைத் தவிர எதுவும் இல்லை. வயலுக்குப் போகிற ஊர்க்காரர்கள் அந்த வழியாகத்தான் நடந்தார்கள். ஒவ்வொருவரும் பட்டைக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டினார்கள். சைக்கிளில் வந்தவர்கூடக் காலை ஊன்றி நின்றார்.

புல்லுக்கட்டோடு வந்த செல்வி என்ற பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னாக்கா பாக்கறீங்க?"

"வண்டி வருதான்னு."

"இன்னா வண்டி?"

"முன்ன இங்க கரும்பு ரயிலு ஓடுச்சாம்பா, ஆலைக்கு. குட்டி ரயிலு. நாலஞ்சு ஊருக்குக் கிளை கிளையா போவுமாம். எங்க மாமியாரே பாத்தது இல்ல."

"அப்புறம் எதுக்குப் பாக்கறீங்க?"

"ஏன், நீ ரோட்ட தாண்டறப்ப பாக்கமாட்டியா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டவாளம் எங்கும் இல்லை. ஆனால் பக்கத்து ஊர்களில் வீடுகளுக்கு நடுவே, தோப்புகளுக்கு நடுவே, ஒரே அகலத்தில் இடம் விட்டிருந்தார்கள். அந்த இடைவெளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ரயில் வளைந்த இடம், கிளை பிரிந்த இடம், கரும்பு ஏற்றிய மேடை எல்லாம் தெரிந்தன. புதிதாகக் கட்டிய மாடி வீடுகள்கூட ஒதுங்கித்தான் நின்றன. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததாகத் தெரியவில்லை.

2. டில்ட் எரர்

மறுநாள் பட்டை ஓரத்தில், டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவெடுக்கும் மிஷினை ஸ்டாண்டில் நிறுத்தினேன். பக்கத்தில் லாரி போனால் தரை அதிரும். மிஷினுக்கு அது தெரிந்துவிடும். சாய்ந்துவிட்டேன் என்பதற்கு 'டில்ட் எரர்' என்று காட்டி, பீப் அடித்து நின்றுவிடும். அங்கே ரோடு வெகுதூரத்தில் இருந்தது. ஆனாலும் மிஷின் அடித்தது. விட்டு விட்டு ஆரம்பித்து, விடாமல் அடித்து, தேய்ந்து நின்றது. ஸ்டாண்டின் கால்களை மிதித்து மண்ணில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பிரிசத்தோடு பட்டையில் நின்ற ஏழுமலை அண்ணன் திடீரென்று ஒதுங்கினார். அங்கேயே நின்றார். சத்தம் அடங்கிய பிறகு பழைய இடத்துக்கு வந்தார். அவர் டவுனில் சாரம் என்ற பகுதியைச் சேர்ந்தவர், இந்த ஊர்க்காரர் இல்லை. செல்வி சொன்னதை அவர் கேட்டிருக்கவில்லை.

"இன்னாண்ணா ஒதுங்கினீங்க?"

"வழி உட்டேன்."

"யாருக்கு?"

எதற்கும் கிண்டலாகத்தான் பதில் சொல்வார். அன்று சொல்லவில்லை. "அத்த மட்டும் கேக்காத தம்பி."

ஆரோக்கியராஜிடம் சொன்னேன். கேலி செய்யும்போது அவர் என்னை பிரெஞ்சு பாணியில் 'முசே' என்று கூப்பிடுவார்.

"எழுதிக் குடு முசே. பேங்க்ல காட்டறேன். பேய்க்கும் சேத்து லோன் குடுப்பான்."

மண் பரிசோதனையில் கெட்டியான தரை என்று ரிப்போர்ட் வந்தது. தூண்கள் வரவேண்டிய இடங்களைக் குறித்து லே-அவுட் போட்டுக் கொடுத்தேன்.

3. நாலு பீடம்

இரும்புத் தூண்களை நிறுத்துவதற்கான காங்கிரீட் பீடங்கள் இறுகிய பிறகு சரிபார்க்கப் போனேன். பட்டையில் இருந்த நாலு பீடங்களும் கிழக்கே நகர்ந்திருந்தன. நாலும் ஒரே அளவு. சாய்வு இல்லை, விரிசல் இல்லை. மற்றவை போட்ட இடத்திலேயே இருந்தன. என் தப்பாகத்தான் இருக்கும் என்று வேறு ஆபீஸ் மிஷினை வாங்கிவந்து அளந்தேன். அதே அளவு. அடுத்த நாள் காலையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. அன்றுதான் தூண் தூக்க கிரேன் வந்து நின்றது.

"தூண் நிறுத்தாதீங்க சார். கூரை போட்டப்புறம் நவுந்தா, உள்ள வேலை செய்றவங்க மேல வுழும்" என்றேன்.

"வூட்ட வெச்சு கட்டறேன்டா!" ஆரோக்கியராஜ் கத்தினார். "ரயிலாம் ரயிலு. வரச் சொல்லு, பாப்போம்."

நட்டநடு வெயிலில் பட்டையின் நடுவில் போய்க் கை கட்டி நின்றார்.

"டிக்கெட் எடுத்தியா சார்?" என்று ஒரு கொத்தனார் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியராஜும் சிரித்தார்.

என் பக்கத்தில் இருந்த மிஷின் பீப் அடிக்க ஆரம்பித்தது.

முதலில் அவருடைய சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரே தாவலில் வெளியே வந்து, ஓரத்தில் நின்ற என்னையும் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். காற்றே இல்லாத வெயிலில், பறக்காத சட்டையை உடம்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். அவருடைய கண்கள் மேற்கிலிருந்து கிழக்கே மெதுவாகத் திரும்பின, நீளமான எதையோ போகவிடுகிற ஆளைப் போல. சத்தம் தேய்ந்து நின்றது.

"கிரேன திருப்பி அனுப்பு" என்றார்.

4. விட்ட இடம்

பட்டைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு சின்ன ஷெட்டுகளாகக் கட்டினார். மழை முந்திக்கொண்டது. ஆர்டரில் பாதிதான் கிடைத்தது. வீடு தப்பியது, ஆனால் கடனை அடைக்கிற வருஷங்கள் கூடின.

சைட்டுக்குப் போனதும் மிஷினை எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா நின்று, அந்த ஊர் ஆட்கள் அங்கே எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள். காரணம் புரியாவிட்டாலும் வரைபடத்தில் குறித்து வையுங்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பீடங்களை உடைத்த கூலி, சும்மா திரும்பிய கிரேனின் வாடகை, இரண்டாவது ஷெட்டுக்குத் தனிச் சுவர், தனிக் கூரை. எட்டடி இடத்தில் எதுவும் கட்டாமல் விடுவதற்கு ஆரோக்கியராஜுக்கு ஆன செலவு ஏழு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.