ஒரு கூரை, பன்னிரண்டு அடுப்பு

என் பூதக்கண்ணாடியைக் கணினித் திரையில் ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள் நிஷாந்தினி. படத்தைத் திரையிலேயே பெரிதாக்கலாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "பெருசாக்கினா கலங்கிருது அங்கிள். இதுல பாத்தாத்தான் மனசுக்குப் பிடிபடுது" என்பாள். பத்திரிகை வாசிக்க நான் வாங்கிய கண்ணாடி அது. இரவலாகப் போய் எட்டு மாதமாகிறது.

பேராதனையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள். வயது இருபத்தாறு, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். காலையில் பிளேன்டீயோடு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை அசைய மாட்டாள். என்ன வேலை என்று முதன்முதலில் கேட்டபோது, "ராக்கெட் விழுந்தா யாரு தலையில விழும்னு பாக்குறது" என்றாள். நான் முப்பது வருடம் வாகனக் காப்புறுதியில் குப்பை கொட்டியவன். சம்பந்தமில்லாமல் சேதப்படுகிறவரைக் காப்புறுதியில் மூன்றாந்தரப்பு என்போம்; அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு ஓட்டோவில் அடிபட்ட மாடுதான் ஞாபகம் வரும். பிள்ளை பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன்.

பகிடி இல்லை. வெளிநாட்டில் தனியார் கம்பனிகள் ராக்கெட் ஏவுகின்றன. அது பிழைத்து விழுந்து கீழே இருப்பவர்களுக்குச் சேதம் வந்தால், ஒரு எல்லைவரை கம்பனி எடுத்த காப்புறுதி நட்டஈடு கொடுக்கும். அதற்கு மேலே போனால் அந்த நாட்டு அரசாங்கம் கை கொடுக்கும். எல்லையை எங்கே போடுவது என்று தீர்மானிக்க, பாதையின் கீழே எத்தனை உயிர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்று இவளுக்கு வானிலிருந்து எடுத்த படங்களை அனுப்புகிறது. மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தம்.

சில வாரங்களுக்கு முன் வந்தது, நான் பெயர்கூடக் கேட்டிராத தேசத்தின் கரும்புத் தோட்டம். நாற்பது நீளக் கூரைகள். கூரைக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று கணினி இருநூறு பேர் போட்டிருந்தது. "அங்கிள், கொஞ்சம் மேல வாங்களேன்" என்று சத்தம் கேட்டது. அன்றைக்குத்தான் என் கண்ணாடி மறுபடி என் கைக்கு வந்தது. ஒவ்வொரு கூரையின் பின்னாலும் வரிசையாகச் சின்னத் தகரச் சாய்ப்புகள், பன்னிரண்டு.

"இது ஒரு வீடில்ல, லயம். ஒவ்வொரு சாய்ப்பும் ஒரு குசினி, ஒரு அடுப்பு. பன்னெண்டு குடும்பம் இருக்காங்க."

"எப்பிடிப் பிள்ளை அவ்வளவு உறுதியாச் சொல்லுறாய்?"

"நாங்களும் அப்படித்தானே இருந்தோம்."

அவளுக்குப் பதினொரு வயதில் மண் சரிந்து லயத்தில் பாதி போயிருக்கிறது. நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர், மடவளையைச் சேர்ந்த மர்சூக் என்ற எழுதுவினைஞர். படிவத்தில் கூரைக்கு ஒரு வரிதான் இருந்தது. மனிதர் அதைச் சட்டை செய்யவில்லை. விரல் முட்டியால் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உள்ளுக்கு ஆள் ஈக்கா? எத்தன அடுப்பு எரியுது?" என்று கேட்டு, அடுப்புக்கு ஒரு குடும்பமாக எழுதிக்கொண்டு போனார். "கதவே இல்லாத எடத்துல நிலைக்காலத் தட்டிட்டுத்தான் பேசுனாரு அங்கிள். அதுக்கு முந்தி எங்க கதவ யாரும் தட்டுனதில்ல, நேரா உள்ள வந்துருவாங்க" என்பாள். அந்தப் பட்டியலால்தான் இவர்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் மடவளைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவாள். அவர் வீட்டில் கொடுத்துவிடும் இனிப்பு வட்டிலப்பத்தில் எங்களுக்கும் பங்கு வரும்.

அந்தக் காணியில் இப்போது வீட்டுச் சுவர் எழும்பி நிற்கிறது. கூரை போடுவது இந்த வேலையை நம்பித்தான். கரும்புத் தோட்டத்துப் படம் வந்தபோது அந்த மாத ஒப்பந்தம் முடிய நாலே நாள் இருந்தது. எண்ணிக்கையை மாற்றினால் காப்புறுதித் தொகை ஏறும், ராக்கெட்டுக்கு அனுமதி பிந்தும் என்று அலுவலகத்தில் கடுகடுத்தார்கள். "பேசாம விடன் பிள்ளை" என்று புத்தி சொன்ன மகான் நான்தான். சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபிக்கவில்லை. "விட்டா, விழுந்தப்பறம் நாங்களும் அங்க இருந்தோம்னு அவங்கதான் நிரூபிக்கணும். அது என்ன பாடுன்னு எனக்குத் தெரியும் அங்கிள்." இரண்டாயிரத்து நானூறு என்று எழுதி, நாற்பது கூரைகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினாள்.

மூன்று நாள் பதில் இல்லை. மாடியில் அங்குமிங்கும் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி றஞ்சனா சோற்றுத் தட்டை மூடி மேலே கொண்டுபோனாள், தொடாமல் திரும்பி வந்தது. நாலாம் நாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தவள், "ஒத்துக்கிட்டாங்க ஆன்ட்டி! காப்புறுதியக் கூட்டுறாங்க. எனக்கும் அடுத்த மாசம் வேல இருக்கு!" என்று றஞ்சனாவைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாந்தரப்பு என்று முப்பது வருடம் எழுதினேன். அந்தச் சொல்லுக்குள் சோறு சமைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டித் தந்தவள் இவள். அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு வாரம் பிந்தி, நேற்றுப் பின்னேரம் ராக்கெட் போனது. மூவரும் மாடியில் இருந்து நேரலை பார்த்தோம். ஒன்றும் விழவில்லை. றஞ்சனா கும்பிட்டாள், நான் தேத்தண்ணி ஊற்ற எழும்பினேன். நிஷாந்தினி அந்தக் கரும்புத் தோட்டத்துப் படத்தைத் திறந்து, கடைசிக் கூரையைத் தேடிப் பிடித்தாள். பிறகு விரல் முட்டியை மடக்கி, திரையில் ஒவ்வொரு சாய்ப்பாக, மெதுவாக, பன்னிரண்டு தரம் தட்டினாள்.